"இது இல்ல" என்று கையை உதறியவள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு என்று ஆரம்பிக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஹாஸ்டலில் இருந்த காலத்தில் யாராவது விளக்கை அணைத்துவிட்டுக் கதை சொல்ல உட்கார்ந்தால், எழுந்து போய் விளக்கைப் போட்டுவிட்டு வருகிற ஆள் நான். "அப்ப அந்தச் சத்தத்தைப் போட்டது யாரு, நீ சொல்லுடி" என்று மல்லுக்கு நிற்பார்கள். பூனை என்பேன். அங்கே பூனையே கிடையாது என்பார்கள். அப்படியானால் நீதான் போட்டிருப்பாய் என்பேன். அதனாலேயே எனக்குத் தோழிகள் குறைவு. அப்படிப்பட்டவள் இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்து இதைச் சொல்கிறேன் என்றால் எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது. நீங்கள் நம்ப வேண்டாம். ஆனால் நம்புகிற மாதிரித் தலையை ஆட்டிவிட்டு அந்தப் பக்கம் போய்ச் சிரிக்கிற வேலை மட்டும் வேண்டாம். சிரிப்பதாக இருந்தால் இங்கேயே சிரித்துவிடுங்கள்.

நான் தஞ்சாவூரில் சைக்காலஜியில் பிஎச்.டி. செய்தேன். அப்படியானால் என் மனதில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள் பார்க்கலாம் என்று கேட்டுவிடாதீர்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் முதல் எல்லாரும் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. என் ஆராய்ச்சி ஞாபகத்தைப் பற்றியது. நடக்கவே நடக்காத ஒரு சம்பவத்தை நடந்ததாக ஒருவரை நம்பவைக்க முடியுமா, அப்படி நம்பிவிட்டால் அதில் அவர் தானாக என்னென்ன சேர்த்துக்கொள்கிறார், இவைதான் கேள்விகள். முறை எளிமையானது. ஒருவரின் அம்மாவிடம் போய் அவருடைய சின்ன வயதில் நடந்த சில உண்மைச் சம்பவங்களைக் கேட்டு வாங்கிக்கொள்வோம். அவற்றோடு நாமே உண்டாக்கிய பொய்ச் சம்பவம் ஒன்றைக் கலந்து, எல்லாமே உங்கள் அம்மா சொன்னவை என்று அவரிடம் சொல்வோம். அந்தப் பொய் அவர் வாழ்க்கையில் நிஜமாகவே நடக்கவில்லை என்று அம்மாவிடம் முதலிலேயே உறுதி செய்துகொள்வோம். சில வாரம் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பேசினால், பலர் இல்லை என்பார்கள், சிலருக்கு மட்டும் அது மெல்ல மெல்ல ஞாபகம் வர ஆரம்பிக்கும். கடைசியில் எல்லாரையும் உட்காரவைத்து, இது பொய், நான் உண்டாக்கியது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் ஒருவரையும் அனுப்பக் கூடாது, அது சட்டம் மாதிரி.

நான் உண்டாக்கிய பொய் இதுதான். உங்களுக்கு ஐந்து வயது. உங்கள் ஊர்ப் பக்கத்து மாதா கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தீர்கள். பொழுது சாய்கிற நேரத்தில் கூட்டத்தில் தொலைந்துவிட்டீர்கள். ஒரு பெண் உங்களைக் கண்டு, கையைப் பிடித்து மைக்செட் பந்தலுக்கு அழைத்து வந்தார். மைக்கில் உங்கள் பெயரைச் சொன்னார்கள், அம்மா வந்து கூட்டிக்கொண்டு போனார்.

இவ்வளவுதான் கதை. அந்தப் பெண்ணுக்கு நான் வயது கொடுக்கவில்லை, நிறம் கொடுக்கவில்லை, என்ன புடவை என்றுகூடச் சொல்லவில்லை. அதெல்லாம் கேட்கிறவர்கள் தாங்களாகச் சேர்க்க வேண்டும் என்று வேண்டுமென்றே காலியாக விட்டிருந்தேன்.

மாதா கோயில் திருவிழாவை ஏன் எடுத்தேன் என்றால் அதற்கும் காரணம் உண்டு. டெல்டாவில் இந்து வீட்டுப் பிள்ளைகள்கூட நேர்ச்சை, வேண்டுதல் என்று மாதா கோயிலுக்குப் போயிருப்பார்கள், அதனால் எல்லாருக்கும் பொருந்தும். எனக்கு மட்டும் பொருந்தாது. நாங்கள் லுத்தரன், மாதாவை வணங்காத புராட்டஸ்டன்ட் சபை. கீழ்வேளூர்ப் பக்கம் ஊர். கொடியேற்றம், தேர்பவனி, மாதா சுரூபத்துக்கு மாலை என்றெல்லாம் பேச்செடுத்தாலே எங்கள் வீட்டில் முகம் சுளிப்பார்கள். அப்பா அந்தத் தெரு வழியாகக்கூட எங்களைக் கூட்டிப்போனதில்லை. ஆராய்ச்சி செய்கிறவளின் சொந்த ஞாபகம் கதைக்குள் கசிந்துவிடக் கூடாது என்பதற்காக, என் வாழ்க்கையில் இருக்கவே முடியாத ஒன்றைத் தேடி எடுத்தேன். இதை நான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் பெயர் எஸ்தர். பிறந்தபோது சுண்டைக்காய் அளவு இருந்தேனாம், அதனால் அப்பா மட்டும் என்னைப் பொடிமணி என்று கூப்பிடுவார். அம்மாவுக்கு அந்தப் பெயர் பிடிக்காது, அவர் டீச்சர், எஸ்தர் என்றுதான் அழைப்பார். நான் பள்ளிக்கூடத்தில் கவுன்சிலர் வேலையை விட்டுவிட்டு இந்தப் படிப்புக்கு வந்தபோது சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் திட்டினார்கள், அப்பா ஒருவர்தான் "டாக்டர் பொடிமணி" என்று சொல்லிப் பார்த்துச் சிரித்தார். இரண்டாம் வருடத்தில் இறந்துபோனார். அதற்குப் பிறகு என்னை அப்படிக் கூப்பிட யாரும் இல்லை. அந்த டாக்டர் பட்டத்தை வாங்காமல் ஊருக்குத் திரும்புவதில்லை என்று எனக்குள் ஒரு வெறி வந்ததே அப்போதுதான்.

என் கைடைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல ஆசைதான், வரமாட்டேன் என்கிறது. எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு மேசை மேல் போட்டு, "இதுக்கு ஏம்மா மரத்த வெட்டுற?" என்பார். இருந்தாலும் அவர் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நகராது.

கதையை முதலில் நம்பியவன் பேராவூரணிப் பையன், தினேஷ். கல்லூரியில் கடைசி வருடம். முதல் இரண்டு முறை பேசியபோது அப்படி எதுவும் ஞாபகமில்லை என்றவன், மூன்றாம் முறை வந்து உட்கார்ந்ததுமே அவனாக ஆரம்பித்தான்.

"நீங்க சொன்ன மாதிரி கையப் புடிக்கல மேடம். இங்க புடிச்சாங்க" என்று மணிக்கட்டைக் காட்டினான். "புடவைய முழங்காலுக்கு மேல தூக்கிச் சொருகியிருந்தாங்க. காலெல்லாம் சேறு. நடவு வயல்லேருந்து அப்படியே ஏறி வந்த மாதிரி."

"அப்புறம்?"

"எங்க போன, எங்க போனன்னு திட்டிக்கிட்டே இழுத்துட்டு வந்தாங்க. எங்கம்மாகூட என்னை அப்படித் திட்டுனதில்ல. பந்தல்ல டியூப்லைட்டுக்குக் கீழ நிறுத்தி என் மூஞ்சியத் திருப்பிப் பாத்தாங்க. 'இது இல்ல'ன்னாங்க. கைய உதறிட்டுப் போயிட்டாங்க."

எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். பொய்க்கு இவ்வளவு அழகாகக் கை கால் முளைத்து நான் பார்த்ததில்லை. தென்னந்தோப்பு ஊர்க்காரன் நடவுச் சேற்றை எங்கிருந்து எடுத்தான் என்றுகூட ஓரத்தில் குறித்துவைத்தேன்.

அடுத்தவன் மணிமாறன். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமம், இந்துக் குடும்பம், அப்பாவோடு போட்டில் கடலுக்குப் போகிறவன், தபாலில் பி.ஏ. படிக்கிறான். தினேஷை அவனுக்குத் தெரியாது. இரண்டு பேரும் வந்துபோன கிழமைகூட வேறு. அவனும் மூன்றாம் முறை வந்து மணிக்கட்டைக் காட்டினான். முழங்கால் வரை சேறு என்றான். எங்க போன, எங்க போன என்று திட்டினாள் என்றான். நான் பேனாவை வைத்துவிட்டேன்.

"வெளிச்சத்துல என் மூஞ்சியப் பாத்தா. 'இது இல்ல'ன்னு சொல்லிட்டுக் கைய வீசி எறிஞ்சா மேடம், ஏதோ அழுகுன மீனத் தூக்கி எறியிற மாதிரி. எனக்கு இப்ப நெனச்சாலும் அவமானமா இருக்கு."

உங்களுக்குப் பயந்து வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள். இல்லை, எரிச்சல்தான் வந்தது. எங்கேயோ இரண்டு பேரும் சந்தித்துப் பேசியிருக்கிறார்கள், என் இரண்டு வருட உழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கைடிடம் ரெக்கார்டிங் இரண்டையும் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நீயே சொல்லிக் குடுத்துட்டு ரெக்கார்ட் பண்ணியிருக்க."

"இல்ல சார்."

"நான் எத்தன பேரப் பாத்திருக்கேன். அடுத்த ஆள நான் புடிக்கிறேன். மூணாவது சிட்டிங் என் ரூம்ல, என் கண்ணு முன்னால."

அவராகவே வேறு துறையிலிருந்து ஒரு பெண்ணைப் பிடித்துக் கொடுத்தார், ஸ்டெல்லா, குடவாசல். பயந்த சுபாவம், கேட்டதற்கு மேல் பேசமாட்டாள். வாரங்கள் கழித்து மூன்றாம் சந்திப்பு. நல்ல பகல், வெளியே வெயில் கொளுத்துகிறது, கைடு தன் நாற்காலியில், நான் ஓரத்தில், அவள் எதிரில். நான் எதையும் எடுத்துக் கொடுத்தேன் என்று சொல்லிவிடக் கூடாதே என்பதற்காக அவரையே கேள்வி கேட்கச் சொன்னேன்.

அவள் இடது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். சேறு, திட்டு, டியூப்லைட், எல்லாம் வந்தது. "என் மூஞ்சியப் பாத்துட்டு..." என்று நிறுத்தினாள்.

"பாத்துட்டு என்ன சொன்னாங்க?" என்றார் கைடு.

"'இது இல்ல'ன்னாங்க சார்." அழ ஆரம்பித்துவிட்டாள். "அவங்க என்னைத் தேடல சார். வேற யாரையோ தேடுறாங்க. நான் இல்லன்னு தெரிஞ்சதும் அவங்க மூஞ்சி ரொம்பக் கோவமாயிடுச்சு."

நம்பினால் நம்புங்கள், அந்த மனிதர் முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு நிமிடம்தான். அப்புறம் ஸ்டெல்லாவை வெளியே அனுப்பிவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். "கூட்டுச் சேர்ந்து என்னையே முட்டாளாக்குறீங்களா? எங்க லீக் ஆச்சுன்னு லீவு முடியறதுக்குள்ள கண்டுபிடிச்சுக் கொண்டா. இல்லன்னா உன் ரிஜிஸ்ட்ரேஷன கேன்சல் பண்ணச் சொல்லி எழுதிடுவேன். நீ திரும்பி ஸ்கூலுக்கே போயி பிள்ளைங்களுக்குக் கவுன்சிலிங் குடு."

வராந்தாவில் நின்று அழுதேன், மறைப்பானேன். என் படிப்பு அந்த ஆளின் ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா சொல்லிப் பார்த்த அந்த டாக்டர் என்கிற சொல் என் கையைவிட்டுப் போகிறது என்கிற ஒரே நினைப்புத்தான் இருந்தது. அந்தப் பெண் யார் என்பதைப் பற்றி நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மே மாதம். மீன்பிடித் தடைக்காலம், மணிமாறன் வீட்டில்தான் இருப்பான் என்று அவனிடமே முதலில் போனேன். நாகப்பட்டினம் வரைக்கும் வழியெல்லாம் வயல் காய்ந்து வெடித்துக் கிடந்தது. மேட்டூர் இன்னும் திறக்கவில்லை, வாய்க்காலில் ஆடு மேய்ந்தது. கிராமத்தில் இறங்கினால் தெரு முழுக்கத் தோரணம், மாதா கோயில் திருவிழா, பகல் பூசை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. மைக்செட்டில் பாட்டு காதைப் பிளந்தது.

மணிமாறனின் அம்மா வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். முன்பு ஒரு முறை வந்தபோது மோர் கொடுத்து உபசரித்தவர். இப்போது என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று முந்தானையை இழுத்துச் சொருகினார்.

"வந்துட்டீங்களா? வாங்க. உள்ள வந்து உங்க வேலையப் பாருங்க. எம்புள்ளய திருவிழாவுல தொலச்சுப்புட்டு இத்தன வருசமா நான் மறைச்சுட்டேனாம். ஒரு மாசமா என் கையால சோறு வாங்கித் திங்கமாட்டேங்குறான். நடக்கலன்னு உங்ககிட்டதான நான் சொன்னேன்? அத அவன்கிட்டச் சொல்ல உங்களுக்கு வாய் இல்லியா?"

"அதச் சொல்லத்தாம்மா வந்துருக்கேன்."

"சொல்லிப்புட்டுக் கெளம்புங்க. தண்ணி குடிக்கக்கூட உக்காராதீங்க."

நியாயமான கோபம், வாங்கிக்கொண்டேன். மணிமாறன் உள்ளே வலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். மெலிந்துபோயிருந்தான். தினேஷையோ ஸ்டெல்லாவையோ தெரியுமா, போனில் யாராவது பேசினார்களா, எந்தக் குரூப்பிலாவது இருக்கிறீர்களா என்று சுற்றிச் சுற்றிக் கேட்டேன். அவர்களும் இதே சேறு, இதே 'இது இல்ல' என்றுதான் சொன்னார்கள் என்பதையும் சொன்னேன். யாரையும் தெரியாது என்றான். ரெக்கார்டிங்கில் இருப்பதை இதுவரை வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை என்றான். அவன் பொய் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும், பொய்யைப் பிடிக்கிற படிப்புத்தானே படித்தேன். கசிவு எங்கேயும் இல்லை. வேறு வழியில்லாமல் செய்ய வேண்டிய கடைசிக் காரியத்தைச் செய்தேன்.

"மணிமாறன், நல்லா கேளுங்க. அந்தச் சம்பவம் நடக்கல. உங்கம்மா எதையும் மறைக்கல. ஆராய்ச்சிக்காக நான் உண்டாக்குன கதை அது."

அவன் மணிக்கட்டைத் தேய்க்க ஆரம்பித்தான். "அந்தப் பொம்பள?"

"அவங்களையும் நான்தான் உண்டாக்குனேன். அப்படி ஒருத்தி கிடையாது."

அவன் தோள் தளர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டான். வாசலைப் பார்த்து "அம்மா, பசிக்குது" என்று குரல் கொடுத்தான், அந்த அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். இதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். நான் செருப்பை மாட்டும்போது அவன் பின்னாலேயே வந்தான்.

"அவ யாரத் தேடுறான்னு எனக்கு இப்பத்தான் புரியுது."

"யார?"

"உண்டாக்குனவங்களத்தான். எங்க மூஞ்சியெல்லாம் பாத்துட்டு இது இல்ல, இது இல்லன்னு போனாள்ல? நான்தான் உண்டாக்குனேன்னு இப்ப நீங்களே உங்க வாயால சொல்லிட்டீங்க. இனிமே அவ எங்ககிட்ட வரமாட்டா. நீங்க பாத்துப் போங்க."

கரிசனத்தோடு சொன்னான் என்று எண்ணிவிடாதீர்கள். பழிதீர்க்கிறவன் மாதிரி நிதானமாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மாதம் சைக்காலஜி மேடம் மேடம் என்று குழைந்தவன், என்ன திமிர் என்று முணுமுணுத்தபடி பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. பாதித் தெரு தாண்டியிருப்பேன், மைக்கில் பாட்டு நின்றது.

"ஓர் அன்பான அறிவிப்பு. பொடிமணி, பொடிமணி, வயசு அஞ்சு, பச்ச கலர் கவுன். எங்க இருந்தாலும் மைக்செட் பந்தலுக்கு வரவும். உங்களத் தேடி வந்து காத்துக்கிட்டு இருக்காங்க."

நான் நின்றுவிட்டேன். திரும்பவும் சொன்னார்கள். பொடிமணி. அப்பா போன பிறகு யார் வாயிலிருந்தும் கேட்காத பெயர் அந்தத் தெரு முழுக்க ஒலித்தது. வேறு ஒரு பொடிமணி இருக்கக் கூடாதா என்றுதானே கேட்கப்போகிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்துக்கொண்டே பந்தலுக்குத்தான் நடந்தேன், பஸ்ஸுக்கு இல்லை. கால் தானாகப் போயிற்று என்று சொன்னால் நன்றாக இருக்கும், ஆனால் நானாகத்தான் போனேன். யாரோ என்னிடம் விளையாடுகிறார்கள், பிடித்து நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்கிற ஆங்காரம்.

மைக்செட்காரர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வடை தின்றுகொண்டிருந்தார். அந்த அறிவிப்பைச் சொல்லச் சொன்னது யார் என்று கேட்டேன்.

"ஒரு பொம்பள. இப்பத்தான் இங்க நின்னுச்சு. நீங்க யாரு, அந்தப் புள்ளைக்கு அம்மாவா?"

"அந்தப் பொம்பள எப்படி இருந்தாங்க?"

"எப்படி இருந்துச்சுன்னா? முழங்கால் வரைக்கும் சேத்தோட வந்து நின்னுச்சு. புதுத் தார்ப்பாய், பாருங்க என்ன பண்ணி வச்சிருக்குன்னு. நீ யாரும்மா அந்தப் புள்ளைக்குன்னு கேட்டேன். 'எங்கிட்டேருந்து போன புள்ள'ன்னுச்சு. மேல ஒண்ணும் கேக்க முடியல. அது பாத்த பார்வை அப்படி."

கீழே பார்த்தேன். நீலத் தார்ப்பாயில் இரண்டு பாதம். கறுப்புக் களிமண் சேறு, ஈரம் காயவில்லை. கடற்கரை ஊர், சுற்றிலும் மணல், மேற்கே போனால் பாளம் பாளமாக வெடித்த வயல், அந்த மே மாதத்தில் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வரை நடவுச் சேறு என்ற ஒன்று கிடையாது. நான் குனிந்து தொட்டேன். ஜில்லென்று இருந்தது. அதில் ஒட்டியிருந்த பச்சை நாற்று ஒன்று விரலில் வந்தது. மைக்செட்காரர் "கழுவி விடுங்க, உங்க ஆளுதான" என்று என்னிடமே சிடுசிடுத்தார்.

மணிமாறன் செய்த ஏற்பாடு என்பீர்கள். ஆளை வைத்துச் சேற்றைப் பூசலாம், சரி. அப்பா மட்டும் கூப்பிட்ட அந்தப் பெயர் அவனுக்கு எப்படித் தெரியும்? அம்மாவுக்குப் போன் போட்டேன். அந்தப் பெயரை யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டேன். "அந்தக் கண்ராவிப் பேர நான் எதுக்குச் சொல்றேன்?" என்றார். நான் கையைக்கூடக் கழுவாமல் பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாளே தினேஷையும் ஸ்டெல்லாவையும் தேடிப் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். நான் உண்டாக்கியது என்ற வார்த்தையை அவர்களிடமும் சொல்லித்தான் ஆகவேண்டும், சொல்லாமல் விட்டால் அவர்களுக்கு விடுதலை இல்லை. இருவருக்கும் முகம் தெளிந்தது. ஸ்டெல்லா பிறகு எனக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துகூட அனுப்பினாள், அவளுக்கு அந்தப் பெண்ணின் முகமே மறந்துவிட்டதாம்.

கைடிடம் போய், கசிவு கிடைக்கவில்லை, நீங்கள் செய்வதைச் செய்யுங்கள் என்று நின்றேன். கத்துவார் என்று பார்த்தால், "நம்பினாங்களா இல்லியான்னு மட்டும் எழுது. அந்தப் பொம்பள சம்பந்தப்பட்ட வரி ஒண்ணுகூட இருக்கக் கூடாது, எல்லாத்தையும் வெட்டு" என்றார். வெட்டினேன். அன்றிலிருந்து அவர் என்னைத் தன் அறைக்குள் விடவில்லை. வாசலில் நிறுத்தி வைத்தே பேசினார், கையெழுத்தும் வாசலிலேயே போட்டுக் கொடுத்தார்.

வைவா என்கிற கடைசி வாய்மொழித் தேர்வுக்குச் சென்னையிலிருந்து ஓர் அம்மையார் வந்திருந்தார். எல்லாவற்றையும் பாராட்டிவிட்டுக் கடைசியில், "இந்தக் கதைய எழுதுன உங்களுக்கே அப்படி ஒரு ஞாபகம் இருந்திருக்கலாமே? இல்லன்னு எப்படி உறுதியாச் சொல்றீங்க?" என்று கேட்டார்.

எனக்குப் பிடித்த கேள்வி, எத்தனையோ நாளாகப் பதில் வைத்திருந்தேன். "மேடம், நாங்க லுத்தரன். மாதா கோயில் திருவிழாவுக்கு எங்க வீட்ல யாரும் போனதே கிடையாது" என்றேன். அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் எனக்கு அந்த ஞாபகம் வந்துவிட்டது.

ஜெனரேட்டர் புகை நாற்றம். பச்சை கவுன், கழுத்தில் உறுத்துகிற லேஸ். என் மணிக்கட்டைச் சுற்றி ஈரமான விரல்கள். எங்க போன, எங்க போன என்று மேலேயிருந்து வருகிற குரல். அவள் டியூப்லைட்டுக்குக் கீழே நிறுத்தி என் முகத்தைத் திருப்பினாள். நான் மேடையில் வாயைத் திறந்தபடி, அவள் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றேன். அவள் சொல்லவில்லை. பிடி இறுகியது. கைடு இருமினார், எல்லாரும் கை தட்டினார்கள், நான் டாக்டர் ஆகிவிட்டேன்.

எனக்கு விளக்கம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். இப்போது ஒரு கல்லூரியில் இதைத்தான் பாடமாக நடத்துகிறேன். மூன்று பேரின் ரெக்கார்டிங்கைத் திரும்பத் திரும்பக் கேட்டவள், கவுன் நிறத்தை மைக்கில் கேட்டவள், சேற்றைக் கையால் தொட்டவள், இவளுக்குப் பொய் ஞாபகம் வராவிட்டால்தான் ஆச்சரியம். மருந்தும் தெரியும். இது பொய், நான் உண்டாக்கியது என்று எதிரில் ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும். கீழ்வேளூருக்குப் போய் அம்மாவை உட்காரவைத்துச் சொல்லச் சொன்னேன்.

"நாம எந்தக் காலத்துல மாதா கோயிலுக்குப் போனோம்? உனக்குப் பச்சக் கவுனே எடுத்ததில்ல. அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல எஸ்தர்" என்றார், டீச்சர் குரலில், தெளிவாக.

"அடுத்ததும் சொல்லுங்கம்மா. நான் உண்டாக்குன கதைன்னு சொல்லுங்க."

"நான் எங்கடி உண்டாக்குனேன்? நீதான உண்டாக்குன."

அந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அவர்களுக்குச் சொல்ல நான் இருந்தேன். எனக்குச் சொல்ல யாரும் இல்லை. கண்ணாடி முன்னால் நின்று நானே சொல்லிப் பார்த்தேன், வாய்தான் வலித்தது.

பொய் ஞாபகம் என்றாலும் அதுபாட்டுக்கு அப்படியே இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இது இருக்கிற இடத்தில் இருக்கவில்லை. வைவா அன்று வந்த ஞாபகத்தில் நானும் அவளும் பந்தலுக்குள் நின்றிருந்தோம், மைக்கில் யாரோ ஒரு குழந்தையின் பெயரைக் கூப்பிட்டது பக்கத்தில் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு நாள் ஞாபகம் வந்தபோது பந்தலுக்கு முதுகைக் காட்டி வாய்க்கால் கரையில் போய்க்கொண்டிருந்தோம், விளக்கு தூரத்தில் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறோம். நான் வேண்டுமென்று நினைப்பதில்லை, வகுப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதே வந்துவிடுகிறது. அவள் இப்போது திட்டுவதில்லை. போன வாரம் குனிந்து பார்த்தேன், என் காலிலும் முழங்கால் வரை சேறு ஏறியிருந்தது. நின்று காது கொடுத்துக் கேட்டேன். மைக்செட் சத்தம் கேட்கவில்லை.